கட்டு மாஸ்டரும் சதுரப் பேய்களும்

ரொறொன்ரோவில் கார் ஓட்டும் தமிழரில் பாதிப் பேர், தலைகீழாகத் தொங்கும் ஒரு மனிதனைப் பார்த்துத்தான் இடப்பக்கம் திருப்பப் பழகினார்கள். மிச்சப் பாதி வேறு மாஸ்டர்களிடம் பழகியவர்கள். அவர்கள் திருப்புகிற லட்சணத்தைப் பார்த்தாலே தெரியும்.

கட்டு மாஸ்டரைப் பற்றித்தான் சொல்கிறேன். அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் லைசென்ஸில் இருந்திருக்கும். அதை வாசித்தவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஸ்காபரோவில் "கட்டு மாஸ்டர்" என்றால் போதும், பலசரக்குக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டு நிற்கும் மனிசிகூட அவருடைய போன் நம்பரை மனப்பாடமாகச் சொல்லும். கட்டு என்றால் சீட்டுக்கட்டு. அதிலும் வெள்ளைக்காரர் சாத்திரம் பார்க்கிற டாரட் கட்டு. அதிலும் எல்லா டாரட்டும் அல்ல. பழைய வீடியோ கேம்களில் ஆட்கள் சதுரம் சதுரமாக, மூக்குக்கு ஒரு சதுரம், மீசைக்கு இரண்டு சதுரம் என்று ஓடித் திரிவார்களே, அந்த மாதிரிப் படம் போட்ட டாரட் கட்டுகளை மட்டும்தான் அவர் சேர்த்தார். வேறு மாதிரிக் கட்டு எதையாவது யாரும் அன்பளிப்பாகக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி, அடுத்த நாளே நூலகத்துத் தானப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்.

கார் பழக்குகிற மனிதருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "வடிவா இருக்கு" என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தில் அவரிடம் விளக்கம் கிடையாது.

நான் அவரிடம் போனது படத்துக்காக அல்ல. எனக்கு லைசென்ஸ் வேண்டும். என் வீட்டுக்காரர் ரொறொன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினார். வாங்கும்போது, அமைதியான இடம் என்றார். அதில் பொய் இல்லை. ஒரு பை பால் வாங்குவதற்கும் கார் வேண்டும். பஸ் என்று ஒன்று ஓடுவதாகச் சொன்னார்கள். பஸ் தரிப்பைப் பார்த்திருக்கிறேன், பஸ்ஸைப் பார்த்ததில்லை. விடிய அவர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் பொழுதுபடும் வரை நானும் அந்த அமைதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

வயதானவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் படிப்பை ஏற்கெனவே முடித்துச் சான்றிதழும் வைத்திருந்தேன். யூனியன்வில்லில் ஒரு நிறுவனம் எனக்கு வேலை தரச் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை, நானே கார் ஓட்டிப் போக வேண்டும். அந்த மாதம் முடிவதற்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை எனக்கு, இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவளுக்கு. நானோ ரோட் ரெஸ்டில், அதாவது ரோட்டில் ஓட்டிக் காட்டும் பரீட்சையில், ஏற்கெனவே இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தேன். காரணம் என்னுடைய நல்ல பழக்கவழக்கம். வந்த வரிசைப்படி போக வேண்டிய நாலுமுனைச் சந்தியில் நின்றால் எல்லாரையும் கைகாட்டி அனுப்பிவிட்டுத்தான் நான் போவேன். பின்னாலிருந்து புதிதாக வருகிறவர்களையும் அனுப்புவேன். இரண்டாம் முறை பரீட்சை எடுத்தவர், இந்தக் கார் போதிய அளவு நகரவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

கட்டு மாஸ்டர் என் கதையைக் கேட்டார். முதல் நாள் பாடத்தில், காருக்குள் முன்பக்கத்தில் காற்று வரும் இடத்தில் மாட்டியிருந்த கிளிப்பில் ஒரு காட்டை, அதாவது டாரட் சீட்டை, செருகினார். ஒரு மரக்கொம்பு, ஒற்றைக் காலில் கட்டுண்டு தலைகீழாகத் தொங்கும் ஒரு சின்ன மனிதன், முகத்துக்கு ஆறே ஆறு சதுரம்.

"உவன் தலைகீழான்" என்றார். "தொங்கிறான், ஆனா முகத்தைப் பாரும், பதட்டம் இல்லை. இடப்பக்கம் திருப்பேக்கை எதிரிலை வாற காரெல்லாம் போகுமட்டும் உவனைப் போலை இருக்க வேணும்."

இங்கே வலப்பக்கத்தில் ஓடுவதால், இடப்பக்கம் திருப்பினால் எதிரே வருகிறவர்களைக் குறுக்கே கடக்க வேண்டும். அந்தப் பாடத்தின்போது ஒரு சந்தியில் நான் பச்சை விளக்கு வந்து போய், திரும்ப வந்து போகும் வரை தொங்கினேன். மாஸ்டர் தலைகீழானைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "உமக்கு இவன் சரிவரான். நீர் ஏற்கெனவே தொங்குறீர்" என்று சொல்லி, இரண்டு சதுரக் குதிரை பூட்டிய தேர்க்காரனைச் செருகினார். அன்றிலிருந்து எனக்குத் தேர்க்காரன்தான்.

இதுதான் அவருடைய கல்வி முறை. நெடுஞ்சாலையில் நுழைவதற்கு ஒரு காட், குறுக்கே வரும் சைக்கிளுக்கு ஒரு காட், இரவில் பெரிய வெளிச்சம் போட்டு எதிரே வருகிறவனின் கண்ணைக் குருடாக்கக்கூடாது என்பதற்கு நிலவுக் காட். சாத்திரம் அதில் ஒரு துளியும் இல்லை. மாஸ்டருக்குச் சாத்திரமே தெரியாது. கட்டோடு வரும் விளக்கப் புத்தகத்தைப் பிரிக்காமலே அலமாரியில் அடுக்கிவிடுவார்.

அந்த அலமாரிகள் அவர் குடியிருந்த பேஸ்மென்றில் இருந்தன. மனிசன் தனிக்கட்டை. மேல்வீட்டு அன்ரிக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஒருவருக்குச் சீட்டுக்கட்டு பார்சலில் வந்தால் என்ன அர்த்தம்? சூதாட்டம். ஒருநாள் ஹீற்றரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்கினார். மாஸ்டர் மகிழ்ந்துபோய் நாற்காலி போட்டு, ஒவ்வொரு கட்டாக எடுத்துக் காட்டியிருக்கிறார். பச்சையின் நாலே நாலு சாயலில் மட்டும் வரைந்த கட்டு; கேம் பெட்டி மாதிரியே உறை போட்ட கட்டு; கிண்ணத்துக்குப் பதில் இதயம் வரைந்த கட்டு. கடைசியாகக் கொம்பு வைத்த சதுரப் பேய் ஒன்றைக் காட்டி, "இவன்தான் இதிலை வடிவு" என்றாராம். மறுநாள் குருக்கள் வந்து பேஸ்மென்ற் படிக்கட்டில் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். மாஸ்டர் அவருக்கும் கட்டுகளைக் காட்டினார். குருக்கள் அடுத்த வாரம் தன் மகளைக் கார் பழகக் கொண்டுவந்து சேர்த்தார்.

அவருக்குக் கோபம் வந்து நான் கண்டது ஒரு விஷயத்தில் மட்டும்தான். ஒரு புதுக் கட்டை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னவோ களவு பிடித்த பொலிஸ்காரர் மாதிரி நிமிர்ந்தார்.

"அரைச் சதுரம்" என்றார்.

ராணியின் கன்னத்தை வளைவாகக் காட்டுவதற்கு வரைந்தவன் ஒரு சதுரத்தைக் குறுக்கே வெட்டியிருந்தான். பழைய கேம் மெஷின் அரைச் சதுரம் போடுமா? போடாது. ஆகவே இது ஏமாற்று. மாஸ்டர் அந்தக் கலைஞனுக்கு ஈமெயில் எழுதினார். அவன் மன்னிப்புக் கேட்டு ஒரு ஸ்ரிக்கரும் அனுப்பினான். மாஸ்டர் ஸ்ரிக்கரை வாங்கிக்கொண்டார், மன்னிக்கவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனிதரைக் குழப்பியது எங்கள் சனம்தான். இஞ்சினியரிங் படிக்கிற ஒரு பெடியன் ரோட் ரெஸ்டுக்குப் போன காலை, கிளிப்பில் தற்செயலாகச் சூரியக் காட் இருந்தது. பெடியன் பாஸ். அவனுடைய அம்மா அதைக் கோயிலில் சொன்னார். கோயிலில் சொன்ன விஷயம் எப்படிப் பரவும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் ஆட்களுக்குப் பூக்கட்டிப் பார்ப்பது பழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமிக்கு முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். நினைத்த நிறம் வந்தால் காரியத்தைத் தொடங்கலாம். மாஸ்டரின் டாரட்டும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ரெஸ்டுக்குப் போக முதல் ஒரு காட் எடுப்பது என்று வழக்கம் வந்தது. கை கால் கழுவிவிட்டு எடுத்தார்கள். ஒரு தாய் காருக்குள்ளேயே கற்பூரம் கொளுத்தப் பார்த்தார். நல்ல காட் வந்தால் போவார்கள், கூடாத காட் வந்தால் ரெஸ்டைத் தள்ளிப்போடுவார்கள்.

"உது சாத்திரம் இல்லை, படம்" என்று மாஸ்டர் தொண்டை வறளச் சொன்னார். யார் கேட்டது? கடைசியில் மனிசன் ஒரு உபாயம் செய்தார். யமன், இடிகோபுரம், கொம்பன் என்று பார்க்கப் பயங்கரமான காட்டுகளையெல்லாம் எடுத்து ஒளித்துவிட்டு, சூரியனும் நட்சத்திரமும் மாதிரி நல்லதுகளை மட்டும் நீட்டினார். இரண்டு கிழமைகூட ஓடவில்லை, முறைப்பாடு வந்தது. எல்லாருக்கும் நல்லதே வருகிறது, இந்தக் கட்டில் சத்தியம் இல்லை என்று சொல்லி, ஒரு குடும்பமே வேறு மாஸ்டரிடம் மாறிப் போனது. மாஸ்டர் யமனைத் திரும்பவும் உள்ளே வைத்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என்னுடைய மூன்றாவது ரெஸ்ட், அந்த மாதத்தின் கடைசி வாரம். ரொறொன்ரோவில் எடுத்தால் சந்திகள் அதிகம் என்று, வடக்கே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊரில் இடம் பிடித்திருந்தோம். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் செய்வதுதான். அங்கே மாடும் இருக்கிறது, சோளமும் இருக்கிறது, சந்தி மட்டும் குறைவு. போகிற வழியில் மாஸ்டர் தபால் கந்தோரில் நிறுத்தச் சொல்லி ஒரு பார்சலை எடுத்து வந்தார். குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்து வந்தார்.

பிறேசிலில் ஒரு பெண் தனியாக இருந்து வரைந்த கட்டு. முன்கூட்டியே கேட்டு வைத்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான் அச்சடித்தாள். மாஸ்டர் ஒரு வருடத்துக்கு மேலாக அதற்காகக் காத்திருந்தார். நான் ஓட்ட, அவர் உறையைப் பிரித்து முதலில் மணந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு காட்டாக வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"அரைச் சதுரம் ஒண்டும் இல்லை" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் தன்னுடைய கதையையும் கொஞ்சம் அவிழ்த்தார். ரொறொன்ரோவில் பார்க்டேல் பக்கம் வந்திறங்கின புதிதில் ஒரு அறைக்குள் கனபேர் முறை வைத்துப் படுத்தார்களாம். கீழே உடுப்புத் தோய்க்கிற கடை. அதற்குள் ஒரு கேம் மெஷின் நின்றது. வேலை முடிந்து குளிருக்கு அங்கே ஒதுங்குவாராம். இங்கிலிஷ் தெரியாது, ஆனால் அந்த மெஷின் கேட்கிற கேள்வி மட்டும் முழுதாக விளங்கும் என்றார். தோற்றுப் போனால் அது "கண்டினியூ?" என்று கேட்கும்.

பரீட்சை இடத்துக்கு வந்து காரை நிறுத்தினேன். வேலை, அடுத்து நிற்பவள், வீட்டு அமைதி எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு காட் எடுக்கட்டோ என்று கேட்டேன். இது சாத்திரம் இல்லை என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன். மாஸ்டர் பழைய கட்டைத் தேடினார், கொண்டுவரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் புதுக் கட்டை நீட்டினார்.

எடுத்துத் திருப்பினேன். யமன். கறுப்புத் திரை, நடுவே வெள்ளைச் சதுரங்களால் ஒரு மண்டையோடு, கையில் படிக்கட்டு மாதிரி வளைந்த அரிவாள்.

"கான்சல் பண்ணுவம்" என்றேன்.

"கீழை என்ன எழுதிக் கிடக்கு, வாசியும்."

"கேம் ஓவர்."

"அதுக்கும் கீழை."

சின்ன எழுத்தில் இருந்தது. "கண்டினியூ."

"கேள்விக்குறி இருக்கோ?"

"ஓம்."

"கேட்டா மறுமொழி சொல்ல வேணும்."

"ஏலாது எண்டு சொல்லுறன், மாஸ்டர்."

கதைகளில் என்றால் இந்த இடத்தில் நான் ஞானம் பெற்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போயிருப்பேன். நான் இறங்கவில்லை. காரின் கதவையும் உள்ளுக்குப் பூட்டினேன். அவர் சொன்ன தத்துவம் நல்ல தத்துவம்தான், ஆனால் மண்டையோடு மண்டையோடுதானே.

மாஸ்டர் என் கையிலிருந்த யமனை வாங்கி, நடுவில் மடித்துக் கிழித்தார். நல்ல காட் லேசில் கிழியாது. இரண்டு தரம் மடித்து, பல்லும் வைத்துத்தான் கிழித்தார். துண்டுகளைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இப்ப இந்தக் கட்டிலை யமன் இல்லை. இறங்கும்."

அரைச் சதுரத்துக்காகப் பிறதேசத்துக்காரனோடு சண்டை பிடித்த மனிசன். காட்டின் விளிம்பில் விரல் படாமல் தூக்குகிறவர். ஆனால் பயம் பிடித்த மனிசிக்கு வெட்கம் ஏது? இன்னும் ஒன்று எடுத்துப் பார்க்கட்டோ என்று கேட்டேன். நீட்டினார். இடிகோபுரம் வந்தது. இடி விழுந்து சதுரம் சதுரமாகக் கோபுரம் உடைந்து, அதிலிருந்து இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள். மாஸ்டர் அதையும் மடித்தார், கிழித்தார்.

மூன்றாவதை எடுத்தேன். ஒருவன் குப்புறக் கிடக்கிறான், முதுகில் பத்து வாள். கோதாரி பிடிச்ச கை. மாஸ்டர் அதையும் வாங்கி மடிக்கத் தொடங்கினார். பாதி மடித்தவர், அதை ஒருதரம் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"காணும், மாஸ்டர். உதை வையுங்கோ. நான் போறன்."

நான் தைரியம் வந்து போகவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் அந்தக் காரில் இருந்தால் அந்தக் கட்டே மிஞ்சாது என்ற பயத்தில் போனேன்.

பரீட்சை எடுத்தவர் சிரிக்காத ஒரு நெட்டை நெடுவல். அவர் என்ன சொன்னார், நான் எங்கே திரும்பினேன், ஒன்றும் எனக்கு நினைவில் இல்லை. பிறேசிலில் அந்தப் பெட்டை ஒவ்வொரு சதுரமாக வைத்து அந்த மண்டையோட்டை வரைந்திருப்பாளே என்பதுதான் மனம் முழுக்க ஓடியது. ஊரில் இருந்த ஒரே நாலுமுனைச் சந்தி வந்தது. எதிரே ஒரு வான்காரன், நான் கைகாட்டுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றான். காட்டவில்லை. என் முறை வந்தது, போனேன். திரும்பி வந்ததும் நெடுவல், கொஞ்சம் கோபமாகத் தெரிகிறாய், ஆனால் ஒழுங்காக ஓட்டினாய் என்று சொல்லி, பாஸ் என்று போட்டுக் கொடுத்தார்.

மாஸ்டர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் கிழிந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் அவசரமாகப் பைக்குள் போட்டார். பாஸ் என்றேன். "நாலுமுனைச் சந்தியிலை ஆருக்கும் கைகாட்டினீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்றார். வாழ்த்து அவ்வளவுதான்.

வரும் வழியில் டேப் வாங்கி ஒட்டலாமா என்று கேட்டேன். ஒட்டினால் அது காட் இல்லை, காயம் என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பிறேசில் பெண்ணுக்கு நானே ஈமெயில் எழுதினேன். ஒரு கட்டும் மிச்சமில்லை என்று மிகவும் வருந்திப் பதில் போட்டிருந்தாள். அதை மாஸ்டரிடம் சொன்னபோது, "விடும், போனது போகட்டும்" என்றார். அந்தச் சொல்லை அவர் வேறு எந்தக் கட்டைப் பற்றியும் சொல்லி நான் கேட்டதில்லை.

விஷயம் கோயிலுக்கு எட்டியது, நான் சொல்லவில்லை. அதன்பிறகு வந்த மாணவர்கள் தங்களுக்கும் யமனைக் கிழித்துத் தரும்படி கேட்டார்கள். ஒருத்தர் அதற்கென்று சொந்தமாக ஒரு டாரட் கட்டே வாங்கிக்கொண்டு வந்தார். மாஸ்டர் அதை நூலகத்துத் தானப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

எனக்கு அந்த வேலை கிடைத்தது. யூனியன்வில்லில் வீடு வீடாகப் போய் வருகிறேன். யாரோ ஒரு ஐயாவுக்கு மருந்து கொடுக்கிறேன், யாரோ ஒரு அம்மாவுக்குச் சீப்பால் தலை இழுத்து விடுகிறேன். என் சொந்தக் காரில் போகிறேன், பால் வாங்கிக்கொண்டு வருகிறேன். ஸ்ரௌவ்வில் இப்போது எனக்கும் அமைதியான இடம்தான்.

மாஸ்டருக்குத்தான் கண் போகத் தொடங்கியது. லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பழக்கும் காரை விற்றார். அந்தச் செய்தியைக் கேட்டு நான் பதறி ஓடிப்போனபோது, பிறேசில் கட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எனக்கு உலகமே சதுரமாத்தான் தெரியுது, வடிவாக் கிடக்கு" என்றார். பகிடி விட்டாரா, உண்மையைச் சொன்னாரா என்று அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

கண் ஆஸ்பத்திரிக்கும் தபால் கந்தோருக்கும் இப்போது நான்தான் அவரைக் கூட்டிப் போகிறேன். பக்கத்து இருக்கையில் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு வருவார். கார் பழக்குகிற கார்களில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். என்னுடைய காரில் அங்கே வெறும் கால்மிதி விரிப்புதான். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்தாலும், தெரியாவிட்டாலும், மாஸ்டரின் வலது கால் அந்தக் கால்மிதியை அமத்தும். அவர் கால் அமத்தும்போதெல்லாம் நான் இங்கே மெதுவாகப் பிரேக் பிடிக்கிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும்.